மூன்றாம் மாடிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே

1

இந்தக் கதை நான் தேடிப் போய்க் கண்டெடுத்ததல்ல. ஒரு வாக்கியத்தை எழுத முடியாமல் திணறியபோது கைக்கு வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகவே கண்டுபிடித்தால் மரியாதையாக இருக்காது.

என் வேலை, குறும்படங்களில் பின்னணிக் குரல் படிப்பதற்கான வரிகளை எழுதுவது. கதைப்படங்களுக்கு அல்ல. 'கண்டிப்பாகப் பாருங்கள், கண் கலங்கிவிடும்' என்ற குறிப்போடு யாராவது உங்கள் போனுக்கு அனுப்பிவைப்பார்களே, அந்த மாதிரிப் படங்களுக்கு. காலால் ஓவியம் வரைகிறவர். புற்றுநோய் வார்டில் போய்ப் பாட்டுப் பாடும் ஓய்வுபெற்ற தபால்காரர். நொண்டி நாய்களுக்குச் சக்கரம் பொருத்திவிடும் பெண். எல்லாப் படத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே தையல். முதலில் விடிகாலை வெளிச்சம், பிறகு கைகள், பிறகு முகம், நடுவில் ஒரு துயரம், கடைசியில் புல்லாங்குழல். திரை இருண்டதும் நன்கொடை அனுப்ப வேண்டிய விவரம். என் வரிகளைப் படிப்பவருக்குத் தேன் மாதிரிக் குரல்.*

(* நேரில் பேசும்போது அவர் குரலை யாரும் பொருட்படுத்துவதில்லை. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.)

இந்தப் படங்களை எடுப்பவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். யாராவது அழ ஆரம்பித்தால் கேமராவை அந்தப் பக்கம் திருப்புவார். கேமராவை அணைத்த பிறகு ஓரமாகப் போய்த் தானும் அழுவார். இரண்டிலும் நடிப்பு கிடையாது.

ஒரு நாள் அவர் கூப்பிட்டார்.

"மச்சான், ஒரு அக்கா. பார்லர் வச்சிருக்காங்க. மாடியில இருந்து விழுந்த குழந்தையைக் கையில புடிச்சிருக்காங்க."

"உயிரோடயா?"

"குழந்தைக்கு ஒண்ணுமே இல்லை. தாடையில ஒரு கீறல். அக்காவுக்குத்தான் தோள் போச்சு. கத்தரிக்கோலைத் தூக்க முடியலை. ஆபரேஷன் பண்ணணும். ஒரு டிரஸ்ட்டுல பேசியிருக்கேன். நம்ம படத்தை அவங்க வருஷாந்திரக் கூட்டத்துல போடுவாங்க, கேட்டு வாங்கிக் குடுப்பாங்க. நீங்க எழுதிடுங்க."

"எழுதிடலாம்" என்றேன். அந்தச் சொல்லை நான் யோசித்துச் சொல்வதே இல்லை.

2

தொடக்கங்கள்.

"வானத்திலிருந்து ஒரு குழந்தை விழுந்தது." [அடித்துவிட்டேன். வானத்திலிருந்து விழவில்லை, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது. வானத்துக்கு யாரும் பொறுப்பில்லை. மாடிக்கு ஆள் உண்டு.]

"கைகளில்தான் எத்தனை விதம்! கொடுக்கும் கைகள், எடுக்கும் கைகள், அணைக்கும்—" [பாதியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.]

"அன்று மாலை பார்லரில் கூட்டம் இல்லை." [இதில் பொய் எதுவும் இல்லை. இங்கிருந்து போகலாம்.]

அன்று மாலை பார்லரில் கூட்டம் இல்லை. கத்தரி அக்கா (அந்தத் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. கையில் கத்தரி இல்லாமல் அவருக்குப் பேச வராது) கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, முடி ஒட்டிய போர்வைத் துணியை உதறுவதற்காக வாசலுக்கு வந்தார். உதறினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் முடி முகத்தில் வந்து விழுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மேலே பால்கனிக் கம்பிக்கு வெளியே ஒரு சின்னக் கால் தெரிந்தது.

"பேரு தெரியும் சார், தினம் பாக்கிற குழந்தை. அந்த நேரத்துக்கு வாய்ல வரலை. 'ஏய்'னுதான் வந்துச்சு."

குழந்தை முதலில் கடை முன்னால் வெயிலுக்காகக் கட்டியிருந்த தார்ப்பாயில் விழுந்தது. தார்ப்பாயின் ஒரு பக்கக் கயிறு அறுந்து சரிய, அதில் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. அக்கா வலது கையை நீட்டினார். 'நீட்டினேன்' என்று அவர் சொல்வதில்லை. "கை போச்சு" என்கிறார். கை தானாக அந்தப் பக்கம் போனது என்றும் கொள்ளலாம், கை வீணாய்ப் போனது என்றும் கொள்ளலாம். எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. இரண்டும் நடந்திருக்கிறது.

இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். குழந்தை எழுந்து உட்கார்ந்து, அக்காவின் முகத்தில் இன்னும் ஒட்டியிருந்த முடிகளைப் பார்த்துச் சிரித்ததாம். அதற்கப்புறம்தான் மாடிப்படியில் ஒரு பெண் ஓடி வரும் சத்தம் கேட்டது. வந்தவள் குழந்தையை வாரி எடுத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய்விட்டாள்.

3

படப்பிடிப்பின் முதல் நாள் நானும் போயிருந்தேன். ஒற்றை அறைதான் பார்லர். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு எதிரே உயரம் கூட்டிக் குறைக்கிற நாற்காலி இரண்டு. மூலையில் தலை அலசும் தொட்டி. அக்காவின் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறார். சவாரி இல்லாத நேரத்தில் கடைக்கு வந்து, மனைவிக்குப் பதிலாக டிரையரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெண்கள் வந்துபோகும் கடையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு பிடிப்பார். சூடான காற்று ஒரு அம்மாவின் காதுக்குள் போய்ப் பெரிய ரகளையாகியிருந்தது.

மாப்பிள்ளை கேமராவுக்குப் பின்னால் இருந்து கேட்டார். "அந்த நேரத்துல பயமா இருந்துச்சா அக்கா?"

"அப்ப இல்லை. இப்பத்தான் இருக்கு. ஊர்ல எல்லாருக்கும் தலை வாரி விடுறேன். என் தலையை என்னால வார முடியலை."

"இன்னொரு குழந்தை அந்த மாதிரி விழுந்தா, மறுபடியும் கையை நீட்டுவீங்களா?"

"இனிமே இடது கைதான் மிச்சம். விழுறவங்க பாத்து விழணும்."

அறையில் எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளையும் சிரித்தார். வெளியே வந்ததும் அந்தப் பதிலை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

"ஏன் மாப்பிள்ளை? நல்லாத்தானே இருந்துச்சு."

"சிரிச்சா கை பர்ஸுக்குப் போகாது மச்சான். அப்புறம் இன்னொண்ணு. தார்ப்பாய் வேணாம். அது வந்துச்சுன்னா அக்காவுக்கு வர்ற பேர்ல பாதியை அது தட்டிக்கிட்டுப் போயிடும்."

எனவே என் எழுத்தில் தார்ப்பாய் இல்லை. குழந்தை நேராக வந்து அக்காவின் கையில் விழுந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். குழந்தை எப்படிக் கம்பிக்கு வெளியே போனது என்று பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் எழுதியிருந்தது இது: "தாயின் கவனம் ஒரு கணம் சிதறிய அந்த வேளையில்..."

4

இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாமல் போன பாத்திரம் அந்தத் தாய்தான். என் கற்பனையில் அவள் சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பொறுப்பில்லாத தாய் என்றால் கையில் போன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பாதி வாக்கியத்தில் வந்துபோகிற ஆளுக்கு அதற்கு மேல் யோசிப்பதும் வழக்கமில்லை.

அவள் பார்லருக்கு வந்த மத்தியானம் நான் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் புகார்களை வாங்கும் வேலை அவளுக்கு. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"அக்கா, படம் எடுக்கிறாங்களாமே" என்றாள்.

"ஆமா. உட்காரு."

"நான் உட்கார வரலை."

"தெரியுது. நிக்கக்கூடத்தான் இத்தனை நாளா வரலை" என்றார் அக்கா. துடைக்கும் துணியை இடது கையால் முறுக்கிப் பிழிந்தார். "கை எப்படிக்கா இருக்குன்னு ஒரு வார்த்தை. படி இறங்கினா என் கடை. அது முடியலையா உனக்கு?"

"வந்தேன் அக்கா. ரெண்டாவது மாடி வரைக்கும் எத்தனையோ தடவை வந்திருக்கேன். அங்க நின்னா உங்க டிரையர் சத்தம் கேக்கும். உங்க முகத்தைப் பாத்தா எனக்கு அவ விழுறதுதான் தெரியும். திரும்பிப் போயிடுவேன்."

அக்கா பிழிந்த துணியை நாற்காலிக் கைமேல் விரித்துப் போட்டார்.

"படத்துல என்னைச் சொல்லுவாங்களா?"

"குழந்தை விழுந்தா, அம்மா எங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

அப்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவளும் கணவனும் பிரிந்துவிட்டார்கள். குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடக்கிறது. அவன் வெளியூர்களில் சுற்றிச் சுற்றி வேலை பார்ப்பவன். குழந்தை விழுந்தது அவனுக்குத் தெரியாது. "அவர் வக்கீல் கைக்கு இது கிடைச்சா, குட்டி எங்கிட்ட இருக்க மாட்டா."

"மறைக்கச் சொல்றியா?"

"தெரியலை. என்னை விட்டுடுங்கன்னு கேக்கிறேன். அதுக்குப் பேரு மறைக்கிறதுன்னா, ஆமா."

"எனக்குக் கை வேணும்டி."

"தெரியும் அக்கா."

"கை இல்லைன்னா கடை இல்லை. கடை இல்லைன்னா—" [அக்கா இங்கே நிறுத்திவிட்டார். முடித்து எழுதிப் பார்த்தேன். எப்படி முடித்தாலும் அவர் குரலாக இல்லை. அப்படியே விடுகிறேன்.]

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் எழுதுறவரா? என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

படித்துக் காட்டினேன். எழுதியதைக் கேட்டால் மறைக்கும் பழக்கம் எனக்கில்லை.

"சிதறலை சார்" என்றாள். அவள் குரல் திடீரென்று பணிவானது, வேலைக் குரல். "என் கவனம் முழுக்க ஒரே இடத்துலதான் இருந்துச்சு. ஒருத்தருக்கு வாஷிங் மெஷின் ஓடலை. கத்தினாரு. நடுவுல எழுந்திருச்சா அந்த அழைப்பு என் கணக்குல குறையா ஏறும். பால்கனியில துணி காயப்போட நானே ஸ்டூல் போட்டிருந்தேன். எடுத்து வைக்கணும்னு நினைச்சேன். அவர் முடிச்சதும் எடுக்கலாம்னு நினைச்சேன்."

பிறகு, பழக்க தோஷத்தில், "பொறுமையாக் கேட்டதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

[அவள் கேட்டது நியாயமா என்று நீங்கள் என்னிடம் கேட்கலாம். தகப்பனுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது. அதைப் புல்லாங்குழலோடு ஊருக்குச் சொல்ல எங்களுக்கு என்ன வேலை என்பதும் கேள்விதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறேன். இத்தனை வருடம் இந்தப் படங்களுக்கு எழுதுகிறேன். ஒருவரைத் தூக்கிப் பிடிக்கும்போது, காட்சிக்கு வெளியே இன்னொருவர் கீழே வைக்கப்படுகிறார் என்பது அன்றைக்கு வரை எனக்குத் தோன்றியதில்லை.]

5

அன்று மாலையே மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அம்மா இல்லாம எப்படி மச்சான்? குழந்தை என்ன, தானா முளைச்சு விழுந்துச்சா?"

"எதையாவது எழுதிச் சமாளிக்கிறேன்."

"டிரஸ்ட்டுல ஒரே கேள்விதான் கேப்பாங்க. அந்தத் தாய் எங்கே? அவங்களை மேடைக்குக் கூட்டிட்டு வாங்க, பூச்செண்டு குடுக்கட்டும்பாங்க."

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். "எதிர்பாராத விதமாக..." [யார் எதிர்பாராத விதமாக?] "ஒரு விபத்தில்..." [லாரி மோதியது போல் இருந்தது.] "விளையாடிக்கொண்டிருந்த குழந்தை..." [தனியாகவா என்ற கேள்வி அடுத்த நொடியே வருகிறது.] அவளை எந்தப் பக்கமாக வெளியே தள்ளினாலும் வேறு பக்கமாக உள்ளே வந்தாள்.

படப்பிடிப்பின் கடைசி நாள், நாங்கள் விளக்குகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அவள் தானாகவே இறங்கி வந்தாள். தலையை வாரி, நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள்.

"என்னை எடுங்க" என்றாள் மாப்பிள்ளையிடம்.

"நீங்க வேணாம்னு சொன்னதா மச்சான் சொன்னாரே."

"அவங்க கைக்கு இது வேணும்னா எடுத்துக்குங்க. கோர்ட்டை நான் பாத்துக்கிறேன்."

மாப்பிள்ளை மறுபேச்சு பேசவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் கேமராவைப் பார்த்துப் பேசினாள். ஸ்டூல் எங்கே இருந்தது, யார் போட்டது, அழைப்பில் இருந்தவர் என்ன சொல்லிக் கத்தினார், 'ஏய்' என்ற சத்தம் கேட்டும் யாரோ தெருவில் சண்டை என்று நினைத்தது, குழந்தையை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கதவைத் தாழிட்டு அதன் முதுகை, காலை, விரலை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அழவில்லை. எதையும் நியாயப்படுத்தவும் இல்லை. கடைசியில், "அக்கா கை நீட்டலைன்னா—" என்று தொடங்கி அங்கேயே நின்றாள்.

நான் எழுதிய எந்த வரியைவிடவும் அது நன்றாக இருந்தது. மாப்பிள்ளையின் கண் ஈரமாகியிருந்தது, கேமரா ஓடிக்கொண்டிருந்தபோதே.

அக்கா கண்ணாடிப் பக்கமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு வந்தார்.

"தம்பி, இப்ப எடுத்தது படத்துல வேணாம்."

"அக்கா! இதுதான் படமே!"

"என் கைக்குத்தானே உதவி கேக்கிறீங்க? என் கையைக் காட்டுங்க. அவ எதுக்கு?"

"அவங்களே வந்து சொன்னாங்களே அக்கா."

"சொன்னா. எனக்குச் சொல்ல வேண்டியது, சொல்லிட்டா. ஊருக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்லை." கொஞ்ச நேரம் கழித்து, தனக்கே சொல்வதுபோல, "வந்தாளே, அது போதும்" என்றார்.

6

படம் அவள் இல்லாமலேயே முடிந்தது. குழந்தை வரும் இடத்தில் மாப்பிள்ளை வெறும் வானத்தைக் காட்டினார். கேலிக்குரிய என் முதல் வரியே கடைசியில் நின்றது: "வானத்திலிருந்து ஒரு குழந்தை விழுந்தது." தேன்குரல்காரர் அதை உருகி உருகிப் படித்தார். டிரஸ்ட்டின் தலைவர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சப்புன்னு இருக்கே" என்றார். பூச்செண்டு கொடுக்க ஆளில்லாததில் அவருக்கு வருத்தம். ஆனாலும் கூட்டத்தில் போட்டார்கள். ஆபரேஷன் நடந்தது. அக்காவின் கை இப்போது தோள் உயரத்துக்கு எழும்புகிறது, அதற்கு மேல் வராது. நாற்காலியைக் கடைசி வரை இறக்கி வைத்துக்கொண்டு முடி வெட்டுகிறார். உயரமானவர்கள் கொஞ்சம் சரிந்து உட்கார வேண்டும். சரியாவிட்டால் திட்டுவார்.

இங்கே கதையை முடித்துவிட நினைத்தேன். முடிவுகள் இரண்டு எழுதினேன். இரண்டுமே நடக்காதவை.

முடிவு ஒன்று: தாய் மத்தியான வேளைகளில் கீழே இறங்கி வந்து, அக்காவுக்காக டிரையரைப் பிடிக்கிறாள். வீட்டுக்காரருக்குக் கூரையிலிருந்து விடுதலை கிடைக்கிறது. கண்ணாடியில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். [புல்லாங்குழல் தானாகவே கேட்க ஆரம்பித்ததால் அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: வழக்கில் தாய் பக்கம் தீர்ப்பு. யாருக்கும் எதுவும் தெரியாமலேயே போகிறது. [இதை எழுதியபோது ஒரு மனிதரை முழுக்கவே மறந்திருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. இந்தக் கதையில் அவர் 'கணவன்' என்ற ஒரு சொல்லாகவும், பேசாத ஒரு வக்கீலின் கட்சிக்காரராகவும் மட்டும் இருந்தார். முன்பு தாய்க்குச் செய்ததையே அவருக்கும் செய்துகொண்டிருந்தேன்.]

இரண்டாவது முடிவை எழுதி நிமிர்ந்த அன்று மாப்பிள்ளை வெளியூரில், வேறொரு நல்லவரைப் படம்பிடிக்கப் போயிருந்தார். ஆபீஸில் நான் மட்டும். கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். தோளில் கருவிப் பை, நகங்களில் கிரீஸ்.

"சார், அந்தப் பார்லர் அக்கா படம் இங்க எடுத்ததா?"

"ஆமா."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

அவர் உட்காரவில்லை. போனை எடுத்து, படத்தை வானம் வரும் இடத்தில் நிறுத்திக் காட்டினார். வானத்தின் ஓரத்தில், எங்கள் யார் கண்ணுக்கும் படாமல், ஒரு பால்கனியின் மூலை இருந்தது. கம்பியில் ஒரு சின்னச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"இது நான் வாங்கிக் குடுத்த சட்டை" என்றார்.

7

அவர் பேசியதை, என்னால் முடிந்தவரை அவர் சொன்னபடியே தருகிறேன்.

"எம் பொண்ணு போன்ல சொன்னா சார். 'அப்பா, நான் பறந்தேன். தொப்புன்னு ஒரு அத்தை மேல போய் உக்காந்தேன்'னு. கனவு கண்டிருக்கான்னு நினைச்சேன். 'றெக்கை என்ன கலர்டா'ன்னு கேட்டேன் சார். அவ நீலம்னா. நானும் சிரிச்சேன்."

போனை அணைத்துப் பையில் வைத்தார். மறுபடி வெளியே எடுத்தார்.

"நான் லிஃப்ட் மாட்டுறவன். குழிக்குள்ள நின்னுக்கிட்டு மேல பாக்கிறதுதான் என் வேலை. மூணாவது மாடின்னா எவ்வளவு உயரம்னு எனக்குத் தெரியும். வக்கீல்கிட்ட இன்னும் சொல்லலை. அவர்கிட்ட சொல்லிட்டா அப்புறம் அது அவரோடதாயிடும். முதல்ல எனக்குத் தெரியணும். விழுந்தது எம் பொண்ணா?"

என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. 'இல்லை' என்பது பொய். 'ஆமாம்' என்பது நான் சொல்ல வேண்டியதல்ல. 'படத்தில் வராததைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை' என்பது கோழைத்தனம், ஆனால் தொழிலுக்கு ஏற்றது. மூன்றையும் சொல்லாமல், "கொஞ்சம் உட்காருங்க" என்று தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே போய் அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"வணக்கம், சொல்லுங்க, நான் உங்களுக்கு எப்படி—" என்று வேலைக் குரலில் தொடங்கியவள், நான் யாரென்று சொன்னதும் நிறுத்தினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"வக்கீலும் வந்திருக்காரா?"

"இல்லை. அவர் மட்டும்."

"என்ன கேட்டாரு?"

"விழுந்தது எம் பொண்ணான்னு."

"நான் வரேன்" என்றாள். "அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. பொய்யும் சொல்லாதீங்க."

குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "அப்பா!" என்று ஓடிப்போய் அது அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்தார். பின்மண்டையைத் தடவினார். முழங்கைகளை மடக்கி நீட்டிப் பார்த்தார். தாடையிலிருந்த பழைய கீறலில் அவர் விரல் நின்றது. குழந்தைக்குக் கூச்சமாக இருந்ததால் நெளிந்து சிரித்தது. அவள் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் அன்றைக்கு இப்படித்தான் பார்த்தோம் என்று அவளுக்கு நினைவு வந்திருக்கும். [வந்திருக்கும் என்பது என் ஊகம். அவள் முகத்தில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.]

"நீ ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றார் அவர், குழந்தையைப் பார்த்தபடியே.

அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு எடுத்தது இருக்கா சார்?"

இருந்தது. எங்கள் தொழிலில் எதையும் அழிக்கிற வழக்கமில்லை.

"அதைப் போடுங்க. இப்ப நான் வாயால சொன்னா வேற மாதிரி சொல்லிடுவேன். சண்டைக்குச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"வக்கீல் கேட்டா நான் மறைக்க மாட்டேன்" என்றார் அவர்.

"மறைக்கச் சொல்லலை. பாத்துட்டு என்ன வேணா பண்ணுங்க."

8

எடிட்டிங் அறை மிகவும் சின்னது. இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இருவரையும் உள்ளே உட்கார வைத்து, அந்தப் படத்துண்டைத் தேடி எடுத்து ஓடவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவள் திரையில் வந்தாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். எழுதுகிறவன் உள்ளேயே இருந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். இருந்திருந்தால் இந்தக் கதைக்கு நல்லதுதான். அவர்களுக்கு நல்லதல்ல.

குழந்தை வெளியே என்னோடு உட்கார்ந்தது. வெற்றுத்தாளும் பேனாவும் கொடுத்தேன். ஒரு வட்டம் போட்டு, அதற்குக் கால் வரைந்து, "இது நீங்க" என்றது.

கதவுக்குப் பின்னாலிருந்து திரையில் பேசும் குரல் மங்கலாகக் கேட்டது. ஸ்டூல். துணி. வாஷிங் மெஷின். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும் என்பதால், கேட்காத இடங்களையும் நானே நிரப்பிக்கொண்டேன். 'அக்கா கை நீட்டலைன்னா' என்ற இடம் வந்தது. குரல் நின்றது.

அதற்கப்புறம் எதுவும் இல்லை. நாற்காலி நகரும் சத்தம். மறுபடி அமைதி. பிறகு பேச்சு மீண்டும் தொடங்கியது, ஸ்டூலிலிருந்து. யாரோ முதலிலிருந்து ஓடவிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை பாதியில் இன்னொரு குரல் சேர்ந்தது, ஆண் குரல். சொற்கள் பிடிபடவில்லை. கோபமா, கேள்வியா என்று தொனியிலிருந்து கண்டுபிடிக்கப் பார்த்தேன். அழுகிறவர்கள் பேசினாலும் அப்படித்தான் கேட்கும்.

குழந்தை பேனாவை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டது.

"அம்மா படத்துல பேசறாங்களா, நெஜமாப் பேசறாங்களா?"

"தெரியலையேம்மா."

"அப்பா?"

"அப்பா நெஜமாத்தான் பேசறாரு."

அது இறங்கிப் போய்க் கதவுக்கு முன்னால் நின்றது. உள்ளங்கையால் ஒரு தடவை தட்டியது. உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. யாரும் வந்து திறக்கவில்லை. அது திரும்பி என்னைப் பார்த்தது.

"திறந்து விடுங்க மாமா."

[அவர் வக்கீலைக் கூப்பிட்டதாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே வந்ததாக ஒரு வரி. அவர் மட்டும் வந்து, அக்காவின் கடைக்கு வழி கேட்டதாக இன்னொன்று. மூன்றும் என் மேஜைமேல் இருக்கின்றன. எதையும் இங்கே ஒட்டப் போவதில்லை. ஒட்டினால் அந்தக் குழந்தை எங்கே வளரும் என்பதை நான் தீர்மானித்தவனாகிவிடுவேன்.]

குழந்தை எம்பிப் பார்க்கிறது. கைப்பிடி அதற்கு எட்டவில்லை. நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் இப்போது நிற்கும் பெரியவர் நீங்கள் மட்டும்தான்.